கரி லோரிக்காரர்களுக்குப் புத்திமதிகள்

786
தானா ராத்தா
ஜப்பான் வருஷம் 2603, ஜூன் 9

அன்புத் தம்பி கிரகரிக்கு,

தாஜுதீன் எழுதுறது. இங்க நானும் மஜீதாவும் பிள்ளைகளும் ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கோம். ஈப்போவில நீங்களும் உங்க சம்சாரம் தங்கச்சி பார்பராவும் சுகமா இருக்க துவா செய்யுறேன்.

உங்க மோட்டார் கடையிலேருந்து அனுப்பின புத்திமதித் தாள் ரெண்டும் வந்து சேர்ந்துச்சு. பெட்ரோல் இல்லாத இந்தக் காலத்துல கரியை எரிச்சு அந்தக் காத்துல ஓடட்டும்னு என் லோரிக்குக் கரியடுப்பு மாட்டிக் கொடுத்தப்போ அடுப்போட எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன். இப்படி ஒரு சீதனம் பின்னாலேயே வரும்னு தெரியாமப் போச்சு.

"வண்டியில் ஏறி அமர்ந்த பின்னரே வண்டியைச் செலுத்துக." சரி தம்பி, ஏறிடுறோம். "இடப்பக்கம் செல்ல விரும்புவோர் இடப்பக்கம் திருப்புக." ஆகட்டும். "கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுதல் நலம்." நலம்னு போட்டிருக்கீங்களே, அப்ப மூடிக்கிட்டு ஓட்டினாலும் பெரிய குத்தம் இல்லபோல! "நெருப்பு சுடும். ஆதலால் எரியும் அடுப்பில் கை வைக்கலாகாது." இதை வாசிச்சதும் மஜீதா சமையக்கட்டுலேருந்து, "இருபது வருஷமா இது தெரியாமலா நான் சோறாக்குறேன்"னு கேட்டா பாருங்க, கடையே அதிர்ந்துபோச்சு.

ஆமா, கடையில வச்சுத்தான் வாசிச்சேன். தேயிலை ஸ்டோர் ஆளுங்க, தோட்டக்காரச் சீனன் ரெண்டு பேரு, எல்லாரும் கோப்பிக்கு உட்கார்ந்திருந்தாங்க. நான் மேசை மேல ஏறாத குறையா நின்னுக்கிட்டு, பங்கு சாமியார் பிரசங்கம் வாசிக்கிற மாதிரி வாசிச்சேன். அந்த நேரம் பார்த்து நம்ம டிரைவர் கந்தன் தாப்பாவிலேருந்து மரவள்ளி ஏத்திக்கிட்டு வந்து எறங்குறான், மூஞ்செல்லாம் கரி. "கந்தா, கண்ணைத் தொறந்துதானே ஓட்டிட்டு வந்தே?"ன்னு ஒருத்தன் கேட்டான். "ஏறி உட்கார்ந்தியா, இல்ல கூடவே ஓடி வந்தியா?"ன்னு இன்னொருத்தன். கந்தனும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னான்.

ஒன்பதாவதுக்கு மேல என்னால வாசிக்க முடியல. கண்ணுல தண்ணி. தாள் ரெண்டும் இப்ப மஜீதா கையில கருவாடு மடிக்கப் போயிடுச்சு. கடுதாசிக்கு இருக்கிற பஞ்சத்துல இன்னும் நாலு புத்திமதி அனுப்பினாலும் சந்தோஷம்தான்.

கோவிச்சுக்காதீங்க. இந்தக் காலத்துல சிரிக்க வச்சதுக்கே உங்களுக்கு நன்மை எழுதப்படும்.

இப்படிக்கு,
உங்க அண்ணன்
தாஜுதீன்


சேசு மரி சூசை
ஈப்போ
2603, ஜூன் 21

பிரியமுள்ள பாய் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பார்பராவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் தங்கள் பக்கம்தான். "பெரியவங்களுக்கு எழுதுற மாதிரியா எழுதியிருக்கீங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள். வீட்டிலும் எனக்கு ஆதரவு இல்லை.

கடையில் நடந்ததை எண்ணிப் பார்த்தேன். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு, உள்ளதைச் சொன்னால் என்ன, சற்று மனம் நொந்தது. அந்தத் தாள்களைத் தமிழில் எழுதியது நான்தான் பாய். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். மோட்டார் கடை ஜப்பான்காரர்களுக்குக் கைமாறிய பிறகு இங்கே தமிழ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவனே. மேலிடத்தார் தாளைத் தூக்கிப் பார்த்து, நீளமாக இருக்கிறது, நன்று என்று தலையசைத்தார்கள். கரியடுப்பு வாங்கிய எல்லோருக்கும், கோப்பேங் முதல் தஞ்சோங் மாலிம் வரை, அது போயிருக்கிறது.

தங்களுக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியுமா? லோரிக்காரர்களில் எத்தனை பேர் பள்ளிக்கூடம் பார்த்தவர்கள்? சின்னதிலிருந்து தொடங்கித்தானே சொல்லிக்கொண்டு போக வேண்டும்? தங்கள் கந்தனுக்கு எழுத்து தெரியாது என்று முன்பு சொல்லியிருக்கிறீர்கள். சிரித்தது போதும், ஒரு நாள் அவனை உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள்.

இங்கே அரிசி கண்ணில் படுவதில்லை. பார்பராவுக்கு வயிற்றுக்கோளாறு தீரவில்லை. தங்கள் மலையிலிருந்து கொஞ்சம் தேயிலைத் தூள், தூசியானாலும் சரி, யார் கையிலாவது கொடுத்தனுப்பினால் புண்ணியமாகப் போகும்.

தங்கள் அன்பு மறவாத
கிரகரி


786
தானா ராத்தா
2603, ஜூலை 15

அன்புத் தம்பிக்கு,

தேயிலைத் தூள் தாப்பா பஸ்காரர் கையில கொடுத்திருக்கேன். கூடவே ரெண்டு முட்டைக்கோசு. கோசு வாடியிருந்தா பஸ்காரரைத் திட்டுங்க, என்னைத் திட்டாதீங்க.

மனசு நொந்ததுன்னு எழுதியிருந்தீங்க. அட, நான் உங்களைச் சிரிக்கல தம்பி, தாளைத்தான் சிரிச்சேன். கந்தனுக்கு வாசிச்சுக் காட்டச் சொல்றீங்க. மண் ரோடா இருந்த காலத்துலேருந்து இந்த மலையில வளைவு வளைவா லோரி ஓட்டுறவன்கிட்ட "இடப்பக்கம் செல்ல விரும்புவோர் இடப்பக்கம் திருப்புக"ன்னு நான் வாசிச்சா, சாவியைக் கையில கொடுத்துட்டுப் போயிருவான்லா. அதோட தாளு எப்பவோ கருவாட்டோட போயிடுச்சு.

இங்க சேதி நல்லா இல்ல. சயாம் ரயில் ரோடு போடுற வேலைக்கு ஆள் எடுக்க ஜப்பான்காரங்க தோட்டத்துக்கு வந்தாங்க, போனவன் திரும்பி வர்றதில்லைன்னு பேச்சு. கூலிக்காரங்க குடியிருக்கிற லயத்துல ஆம்பளைங்க பாதிப் பேரு இல்ல. கந்தன் பேரும் இருந்துச்சு. நான் ஓடிப்போய், இவன் இல்லாட்டி இந்த மலைக்கு மரவள்ளியும் உப்பும் ஏறாதுன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சி விடுவிச்சேன். அவன் பொஞ்சாதி சரோஜா, தோட்டத்துல கொழுந்து எடுக்கிற பொண்ணு, கடை வாசல்ல வந்து நின்னு கும்பிட்டுட்டுப் போச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

குளிரு இந்த வருஷம் ரொம்ப. கம்பளின்னு ஒண்ணு யார்கிட்டயும் இல்ல. சாக்கைக் கிழிச்சுப் போர்த்திக்கிட்டு அலையுறாங்க.

தங்கச்சியை உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்க.

உங்க அண்ணன்
தாஜுதீன்


786
தானா ராத்தா
2603, செப்டம்பர் 28

தம்பி கிரகரிக்கு,

நம்ம கந்தன் போயிட்டான்.

போன வியாழக்கிழமை மத்தியானம் தாப்பாவிலேருந்து மழையில நனைஞ்சுக்கிட்டே வந்தான். லோரிக்கு ஒரு பக்கம் கதவே இல்லையே, உங்களுக்குத் தெரியும். பல்லு கிட்டிச்சுப்போச்சு. சுடச்சுடக் கோப்பி கொடுத்தேன், கையில பிடிக்க முடியல. சாயந்தரம் மறுபடியும் தேயிலை ஏத்திக்கிட்டு எறங்கணும், அதனால அடுப்புத் தீயை அணைக்க வேணாம்னு வச்சிருந்தோம். நான்தான் சொன்னேன், "கந்தா, லோரிக் கொட்டகையில அடுப்புக்குப் பக்கத்துல சாக்கை விரிச்சுப் படு. கதவைச் சாத்திக்க, பனி உள்ள வராது. நேரமானதும் நான் எழுப்புறேன்." அவனும், "சரி மொதலாளி"ன்னுட்டுப் போனான். நானே கதவை வெளியிலேருந்து இழுத்து விட்டேன், காத்துல அடிச்சுக்கக் கூடாதுன்னு.

எழுப்பப் போனேன். அடுப்போட ஒட்டிச் சுருண்டு படுத்திருந்தான். கதகதன்னு இருந்துச்சு கொட்டகை. ஒதடெல்லாம் சிவந்து, குழந்தை தூங்குற மாதிரி. ரெண்டு தடவை கூப்பிட்டேன். தொட்டேன். அவ்வளவுதான்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் வந்து பார்த்துட்டு, மழையில நனைஞ்சு மாரடைச்சிருக்கும்ங்கிறாரு. முப்பத்தஞ்சு வயசுக்காரனுக்கு மாரடைப்பா? சரோஜாகிட்டயும் அதைத்தான் சொல்லியிருக்கு. அது அழவே இல்ல. "கொஞ்ச நேரமாச்சும் குளிராம இருந்தாரா?"ன்னு மட்டும் கேட்டுச்சு. "நல்லா கதகதப்பாத்தாம்மா இருந்தான்"னு சொன்னேன். அதைக் கேட்டு அதுக்கு ஒரு ஆறுதல்.

எனக்கு மட்டும் மனசு ஒப்பல. நீங்க நாலு எழுத்துப் படிச்சவரு. இது என்ன மாதிரிச் சாவு தம்பி?

தாஜுதீன்


சேசு மரி சூசை
ஈப்போ
2603, அக்டோபர் 6

பாய் அவர்களுக்கு,

கந்தனின் ஆத்துமம் சாந்தியில் இளைப்பாறட்டும். சரோஜாவுக்காகப் பூசையில் வேண்டிக்கொண்டோம்.

என்ன மாதிரிச் சாவு என்று கேட்டிருந்தீர்கள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது மாரடைப்பு அல்ல. கரியடுப்பின் காற்று. சாத்திய கொட்டகையில் அந்தக் காற்று நிறைந்தால் ஆள் தூக்கத்திலேயே போய்விடுவான், உதடு சிவந்திருக்கும்.

பாய், இதை நான் எழுதியிருந்தேன். இரண்டாம் தாளில் பதினெட்டாவது. கடையில் இருக்கும் படியைப் பார்த்து அப்படியே எழுதுகிறேன்: "கரியடுப்பில் தீ முழுதும் அணையும்வரை, கதவு சாத்திய கொட்டகையில் வண்டியின் அருகே எவரும் இருத்தலும் உறங்குதலும் கூடாது. அதன் விஷக் காற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அது ஆளைக் கொல்லும்."

தெளிவாகத்தானே எழுதியிருக்கிறேன்? இதற்கு மேல் ஒருவன் எப்படி எழுதுவான்? கந்தனுக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று தனியாக வேறு கேட்டேனே. நீங்கள் ஒன்பதோடு நிறுத்திவிட்டீர்கள். ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு சிரித்தீர்கள். என் பேரில் குற்றம் இல்லை என்பதை மட்டும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கிரகரி


சேசு மரி சூசை
ஈப்போ
2603, நவம்பர் 2

பிரியமுள்ள பாய் அவர்களுக்கு,

இன்று மரித்த ஆத்துமாக்களின் திருநாள். கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்து எழுதுகிறேன். தங்களிடமிருந்து பதில் இல்லை. இருக்காது என்றும் தெரியும்.

போன கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து பார்பராவிடம், "நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்" என்றேன். என்ன எழுதினீர்கள் என்றாள். சொன்னேன். "சாவு நடந்த வீட்டுக்கு எழுதின கடுதாசியில உங்க குத்தம் இல்லன்னா எழுதினீங்க?" என்று கேட்டாள்.

அதன் பிறகுதான் தாள்களை எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். பதினெட்டாவதற்கு முன்னால் "மழை பெய்தால் சாலை நனையும்." பின்னால் "வண்டி நின்ற பின்னரே இறங்குக." நடுவில் அது. பாய், எனக்கு மேலிடத்தார் கொடுத்த குறிப்பில் இருந்தது ஆறே ஆறு விஷயம். முதலாவதே விஷக் காற்றுதான். அதை இருபத்து நான்காக்கியது நான். தாள் வெறுமையாக இருக்கிறதே என்று நிரப்பினேன். ஏறுவதில் தொடங்கி இறங்குவதில் முடிந்தால் அழகாக இருக்கும் என்று ஒழுங்கு பார்த்து, முதலில் இருந்ததைக் கொண்டுபோய்ப் பதினெட்டில் வைத்தேன்.

கண்ணைத் திறந்து ஓட்டச் சொல்லி எவரும் என்னிடம் சொல்லவில்லை. அது என் சொந்தச் சரக்கு. லோரிக்காரர்கள் என்றால் அப்படிச் சொன்னால்தான் விளங்கும் என்று எண்ணினேன். என் அப்பாவும் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்தான். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அது எனக்கு மறந்துவிட்டது.

குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னால் பெரியவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? தாங்கள் ஒன்பதில் நிறுத்தியது தங்கள் குற்றம் அல்ல என்று எழுத வந்தேன். அதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

கிரகரி


786
தானா ராத்தா
2603, நவம்பர் 22

தம்பி கிரகரிக்கு,

உங்க கடிதம் ரெண்டும் வந்துச்சு. முதல் கடிதத்தை வாசிச்ச அன்னிக்குக் கடையை அடைச்சிட்டேன். அந்தக் கொட்டகைப் பக்கம் போக முடியல. கதவை இழுத்து விட்ட கை இதுதானே. தொழுகையில கையைத் தூக்கினாலும் அதுதான் முன்னால வருது.

ரெண்டாவது கடிதத்துல என் குத்தம் இல்லைங்கிறீங்க. வேணாம் தம்பி. ஆளுக்கு ஆள் மன்னிச்சுக்கிட்டு நாம ரெண்டு பேரும் நல்லா இருந்துடலாம். அது சரியா வராது. மன்னிக்கவேண்டியவ லயத்துல இருக்கா.

அதனால போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு நடந்தே போனேன். சரோஜா வாசல்ல மரவள்ளி சீவிக்கிட்டு இருந்துச்சு. உட்காரச் சொல்லிச்சு. நான் நின்னுக்கிட்டே சொல்லிட்டேன். மாரடைப்பு இல்ல, அடுப்புக் காத்து. கதவைச் சாத்தச் சொன்னது நான். கூடாதுன்னு ஒரு தாள்ல எழுதி வந்திருந்துச்சு, நான் அதை முழுசா வாசிக்கல.

கத்தியைக் கீழ வச்சுது. "அதுல எப்படி எழுதியிருந்துச்சு, மொதலாளி?"ன்னு கேட்டுச்சு. உங்க கடிதத்துல இருந்ததைச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிச்சு. சொன்னேன். "இவ்வளவுதானா?"ன்னுச்சு. "இவ்வளவுதாம்மா"ன்னேன்.

அப்புறம் சொல்லிச்சு, "நீங்க கடையில வாசிச்ச அன்னிக்கு அவரு வீட்டுக்கு வந்து சாப்பிடல. டிரைவருன்னா அவ்வளவுதான் மதிப்பு, குருடன்கிட்டப் பேசுற மாதிரிப் பேசுறாங்கன்னாரு. தாள்ல மீதி என்ன இருக்குன்னு கேட்டிருக்கலாம், கேட்டா அதுக்கும் சிரிப்பாங்கன்னு வந்துட்டேன்னாரு."

தம்பி, அவன் பல்லைக் காட்டினான்னு உங்களுக்கு எழுதினேன் இல்ல? அவன் சிரிச்சான்னு நெனச்சேன். என் கடையில, என் சம்பளத்துல இருந்த ஆளு. எனக்குப் பூமி பிளந்து உள்ள போயிடக் கூடாதான்னு இருந்துச்சு.

திட்டும், மண்ணை வாரித் தூத்தும்னுதான் போனேன். அது செய்யல. "தோட்டத்து லோரி ஓட்டுற முனியாண்டி அண்ணனும் அடுப்புக்குப் பக்கத்துலதான் படுக்குது. அதுகிட்டச் சொல்லிட்டீங்களா?"ன்னு கேட்டுச்சு.

சொல்லல.

முழுசா ஒரு மாசம் தம்பி. உங்க முதல் கடிதம் வந்த நாளிலேருந்து எனக்குத் தெரியும். ஒருத்தன்கிட்டயும் சொல்லல. சொன்னா, கந்தன் எப்படிச் செத்தான்னு கேப்பாங்களே. யார் கதவைச் சாத்தச் சொன்னதுன்னு கேப்பாங்களே. அந்த வெக்கத்துல வாயைக் கட்டிக்கிட்டு இருந்திருக்கேன். "சொல்லல"ன்னு நான் சொன்னதும் அந்தப் பிள்ளை எழுந்திருச்சு உள்ள போயிடுச்சு. மறுபடியும் வெளியில வரல.

அங்கிருந்து நேரா முனியாண்டி வீட்டுக்குப் போனேன். அடுத்த நாள் கீழ ரிங்லெட் வரைக்கும் போனேன். கரி லோரி வச்சிருக்கிற ஒவ்வொருத்தன்கிட்டயும் என் வாயால சொன்னேன். எல்லாரும் கேட்டாங்க, யாரு சாத்தச் சொன்னதுன்னு. நான்தான்னு சொன்னேன். ஒருத்தன் காறித் துப்பினான். என் கடைக்கு இப்ப முன்ன மாதிரி ஆள் வர்றதில்ல.

நீங்க கோப்பேங் முதல் தஞ்சோங் மாலிம் வரைக்கும் அந்தத் தாளை அனுப்பியிருக்கீங்க. எத்தனை வீட்டுல அது கருவாட்டோட போச்சோ. இனிமே எழுதாதீங்க தம்பி. போய்ச் சொல்லுங்க. அதைச் செய்யுற வரைக்கும் எனக்குக் கடிதம் போட வேணாம்.

தாஜுதீன்


தாப்பா
2603, டிசம்பர் 11

பாய் அவர்களுக்கு,

இதை மலைக்கு ஏறும் பஸ்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். பாதி லோரியிலும் பாதி நடையுமாகத் தாப்பாவரை வந்துவிட்டேன். கடையில் விடுப்பு தரவில்லை, சொல்லாமல் வந்துவிட்டேன். திரும்பிப் போனால் வேலை இருக்குமா என்று தெரியாது. பார்பரா தன் அக்காள் வீட்டில் இருக்கிறாள். அவள்தான் வழிக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கட்டிக் கொடுத்தாள்.

கோப்பேங்கில் பலர் சிரித்தார்கள். "நெருப்பு சுடும்னு சொல்ல நேர்லயே வந்துட்டீங்களா?" என்றார் ஒருவர். சிரித்து முடிக்கும்வரை நின்றுவிட்டுச் சொன்னேன். சிரிப்பு நின்றது. தங்கராஜு என்ற லோரிக்காரர் நான் சொல்லும்போதே எழுந்துபோய்த் தன் கொட்டகைக் கதவைக் கீலோடு கழற்றி வெளியே போட்டுவிட்டார்.

கம்பாரில் ஒரு வீடு. லோரிக்காரர் வெளியே போயிருந்தார். அவருடைய தாயார் சாரதா அம்மாள் என்னை உட்கார வைத்துச் சுடுதண்ணீர் கொடுத்தார்கள். அவர்களிடம் சொன்னேன். கதவு, அடுப்பு, தூக்கம், உதடு சிவந்திருக்கும் என்பதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு மெதுவாக, "சின்னவனுக்கும் அப்படித்தான் செவந்திருந்துச்சு" என்றார்கள். ஆகஸ்டு மாதத்தில் இறந்துபோன இளைய மகனைச் சொன்னார்கள். பேய் அடித்துவிட்டது என்று கோழி அறுத்துக் கழித்தார்களாம்.

அந்தத் தாளை எழுதியது நான் என்று சொன்னேன் பாய். சொல்லாமல் எழுந்து வந்திருக்கலாம். அவர்கள் என் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டு, "இருட்டுறதுக்குள்ள போயிருங்க. பெரியவன் வந்தா என்ன செய்வான்னு எனக்குத் தெரியாது" என்றார்கள்.

இன்னும் பீடோர் இருக்கிறது, சுங்கை இருக்கிறது, அதற்கப்பால் தஞ்சோங் மாலிம்வரை இருக்கிறது. ஆனால் அதற்கு முன் மலைக்கு வருகிறேன். தங்கள் வீட்டில் தங்க வரவில்லை. சரோஜா என்னைப் பார்க்கச் சம்மதிக்கிறாளா என்று முன்கூட்டிக் கேட்டு வைக்கும்படி எழுத நினைத்தேன். கேட்க வேண்டாம். வாசலில் நின்று நானே கேட்கிறேன். முடியாது என்று அவள் சொன்னால், அதையும் நின்று கேட்டுவிட்டு இறங்குகிறேன்.

நாளை காலை பஸ். லயத்துக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மட்டும் யாரையாவது பஸ் நிற்கும் இடத்தில் சொல்லச் சொல்லுங்கள். தாங்கள் வர வேண்டும் என்று இல்லை.

கிரகரி